சித்தப்பா மாட்டிய சைலன்சர்

காரின் சைலன்சர் என்பது சத்தத்தைச் சேமித்து வைக்கும் பெட்டி என்று நாலாம் வகுப்பு வரைக்கும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா நம்பவில்லை, யோசித்து நம்பினேன். அதுதான் இதில் வெட்கக்கேடு.

ஒருநாள் சித்தப்பாவிடம், "இது எதுக்கு சித்தப்பா?" என்று கேட்டேன். "எஞ்சின் போடுற சத்தத்த எல்லாம் இது முழுங்கிடும்டா" என்றார். முழுங்கினால் எங்கே போகும்? சோற்றை முழுங்கினால் அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். மறுநாள் விடிந்ததும் சொம்பை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டு வரலாம். சைலன்சர் அப்படி எந்த விடியலிலும் எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை. ஆகவே முழுங்கிய சத்தமெல்லாம் உள்ளேயேதான் இருக்கிறது. இந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு மத்தியானம்தான் ஆயிற்று. இன்றுவரை அவ்வளவு தெளிவாக நான் எதையும் யோசித்ததில்லை, என் மனைவியைக் கேட்டாலும் சொல்வாள்.

எங்கள் ஊர் ரெட்டிபாளையத்துக்குப் பக்கம். சித்தப்பாவுக்குப் பம்புசெட் ரிப்பேர் வேலை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றடியில் குழாய் ஒழுகினாலும் அவருக்குத்தான் ஆள் வரும். அரியலூரில் ஒரு டாக்டர் ஓட்டி ஓட்டிக் களைத்துப்போய்த் தள்ளிவிட்ட வெள்ளை அம்பாசிடர் ஒன்றை அவர் வாங்கி வைத்திருந்தார். டாக்டர் பத்து வருடம் ஓட்டிய வண்டி என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். அப்பா இந்த விஷயத்தில் தலையிடவே மாட்டார். "ரெண்டு சக்கரத்துக்கு மேல இருந்தா எல்லாம் செலவுதான்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விடுவார்.

அந்த வண்டியின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. சித்தப்பா அடுத்த ஊரில் வண்டியை எடுக்கும்போதே எங்களுக்குக் கேட்டுவிடும். அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் உலையில் அரிசி போடுவாள். சித்தப்பா கை கழுவிவிட்டு உட்காரும்போது சோறு பதமாக இருக்கும். அந்த வகையில் எங்களுக்கு அதனால் எந்தக் கஷ்டமும் இல்லை.

கஷ்டம் பெரம்பலூரில் வந்தது. அக்காவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டு வரலாம் என்று சித்தப்பா அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு அந்த அம்பாசிடரில் போனார். தெருவுக்குள் வண்டி நுழைந்தபோது, அக்காவின் மாமியார் கறந்துகொண்டிருந்த எருமை, அதுவரைக்கும் கறந்த பாலையும் சேர்த்து உதைத்துத் தள்ளிவிட்டு, கட்டுத்தறியோடு கிளம்பிவிட்டது. எருமையை நாலு பேர் பிடித்து வந்து கட்டினார்கள். சம்பந்தியம்மா முந்தானையால் முகத்திலிருந்த பாலைத் துடைத்துக்கொண்டே பேசினார்கள்.

"ஏழாம் மாசத்துல வவுத்துப் புள்ளைக்குக் காது கேக்கும். வளையல் சத்தம் கேக்கட்டும்னுதான் கை நெறையப் போட்டு வுடுறோம். இந்த வண்டியில ஏத்தி வுட்டா அது உள்ளயே காதப் பொத்திக்கும். சத்தமில்லாத வண்டியா கொண்டாங்க, அனுப்புறேன். இல்லேன்னா பிரசவத்த நாங்களே இங்க பாத்துக்குறோம்."

அம்மா வளைகாப்புக்கு நாளை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பினாள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வராவிட்டால், அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் நிமிர்ந்து உட்கார முடியாது. அதைவிட, அவளுக்கு அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டில் ஒன்றை முன்கூட்டியே கயிறு மாற்றிப் பின்னி வைத்திருந்தாள். எனக்கும் அக்கா வர வேண்டும். அவள் போன பிறகு என் வீட்டுப்பாடத்தை நானே எழுத வேண்டியிருந்தது.

வாடகைக் கார் பிடிக்கலாம் என்றால், வளைகாப்பு நாள் பெரிய முகூர்த்த நாள். கிடைத்தால் கோயில் தேர்தான் கிடைக்கும். சித்தப்பா திருச்சிக்குப் போய்ப் புது சைலன்சரும் அதற்குரிய குழாய்களும் வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்தார். அதைப் பெரிய வாத்தியம் என்று நினைத்து, பக்கத்து சீட்டுக்காரர் எந்தக் கோயிலில் கச்சேரி என்று கேட்டாராம்.

வளைகாப்புக்கு முதல்நாள் காலையில் வேலை தொடங்கியது. சித்தப்பா ஒரு கொள்கை வைத்திருந்தார்.

"வெல்டிங் பட்டறையில வண்டிய அப்படியே விட்டா ஒரு வாரம் படுக்கப் போட்டுடுவாங்க அண்ணி. நாமளே எல்லாத்தையும் மாட்டி, கிளாம்ப்பு போட்டு, அதது எடத்துல ஒழுங்கா உக்காருதான்னு பாத்துக்கிட்டு, கடைசியா வெல்டு மட்டும் அவங்ககிட்ட வச்சுக்கணும். வெல்டு வச்சுட்டு மாட்டுறது தாலியக் கட்டிட்டு ஜாதகம் பாக்குற மாதிரி."

"ஒனக்கு இது தெரியுமா தம்பி?" என்றாள் அம்மா.

"குழாய்தான அண்ணி? தண்ணி போனா என்ன, பொகை போனா என்ன?"

பழைய சைலன்சர் நாலு சுத்தியல் அடிக்குக் கீழே விழுந்தது. அதை ஓரமாக இழுத்துப் போடச் சொன்னார். என்னால் ஒரு முனையைக்கூடத் தூக்க முடியவில்லை. பிறகு புதியதைத் தூக்கிப் பார்த்தேன், கட்டிப்பிடித்துத் தூக்கினால் வந்துவிட்டது. அளவு ஒன்றுதான். அப்படியானால் பழையதில் கூடுதலாக இருக்கும் கனம் எதனுடையது? பத்து வருடச் சத்தத்தினுடையது. எனக்கு முதுகில் சில்லென்றது.

அடுத்து நடந்தது அந்தச் சில்லிப்பை உறுதிசெய்தது. புதியதை மாட்ட வேண்டுமானால் வண்டிக்கு அடியில் ஆள் படுக்க இடம் வேண்டும். தெருமுனையில் மழைத்தண்ணீர் ஓடுகிற காய்ந்த பள்ளம் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் சக்கரங்கள் நிற்கிறமாதிரி வண்டியை நிறுத்திவிட்டால் போதும். அங்கே கொண்டுபோக சித்தப்பா சைலன்சர் இல்லாத வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

எங்கள் பகுதி ஆட்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மத்தியானத்தில் வெடி வைப்பார்கள். முதலில் சங்கு ஊதும். ரோட்டில் ஒருத்தர் சிவப்புத் துணியோடு நிற்பார், வண்டிகள் எல்லாம் நின்று எஞ்சினை அணைத்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் பரணிலும் அலமாரியிலும் இருக்கும் பாத்திரங்களைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொள்வார்கள். டமார். மறுபடி சங்கு ஊதினால் பாத்திரம் மேலே ஏறும், வண்டி கிளம்பும். மாதக்குழந்தைகூட முதல் சங்குக்கே அழுகையை நிறுத்திக்கொள்ளும். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, கை தானாகச் செய்யும்.

சித்தப்பா வண்டியைக் கிளப்பினார். 'டமடமடமடம்' என்று ஒரு சத்தம், நடுவில் 'டமார்' என்று இன்னொன்று. தெருவில் ஒருத்தர்கூடக் காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லா வீட்டிலும் பாத்திரம் இறங்கியது. பெரியம்மா ஒரு கையில் குத்துவிளக்கையும் ஒரு கையில் கதவையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தை எண்ணெய்த் தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "என்ன இன்னிக்கு சங்கு ஊதாமயே வெடிச்சுப்புட்டானுவ?" என்றாள். சித்தப்பா பள்ளத்தின்மேல் வண்டியை நிறுத்தி அணைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி பீடி பற்றவைத்தார். தெரு முழுக்க இரண்டாவது சங்குக்காகக் காத்துக்கொண்டு நின்றது. அது எப்படி ஊதும்? வெகுநேரத்துக்குப் பாத்திரங்கள் தரையிலேயே கிடந்தன.

நான் கணக்குப் போட்டேன். சைலன்சர் இல்லாதபோது அரை நிமிஷத்தில் இவ்வளவு சத்தம். பத்து வருடத்துக்கு எவ்வளவு? எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு ஏழு வரைதான் தெரியும். அதோடு அந்தப் பெட்டி எங்கள் வீட்டு வாசலில், அம்மா மிளகாய் காயவைத்த இடத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தது.

சித்தப்பா அடியில் போய்ப் படுத்தார். எஞ்சினிலிருந்து வரும் குழாயோடு புதுக் குழாயைச் சேர்க்கும் முதல் இணைப்பில், கிணற்றுக் குழாய்க்குச் செய்கிறமாதிரி சணலைப் பிரித்து அழகாகச் சுற்றினார். அதன்மேல் வெள்ளைப் பெயிண்ட் தடவி, கிளாம்ப்பைப் போட்டு இறுக்கினார். "இருவது வருசத்துக்கு ஒரு சொட்டு ஒழுகாது" என்று அடியிலிருந்து குரல் வந்தது. நடுவிலும் பின்னாலும் கிளாம்ப்பு மட்டும் போட்டுத் தொங்கவிட்டார். பின்குழாய் சக்கரத்தின் அச்சுக்கு மேலே வளைந்து போகிறது. ஆள் ஏறி வண்டி அமுங்கினால் அது அச்சில் இடிக்கும். அதனால் நாளைக்கு அக்காவோடு எத்தனை பேர் பின்னால் உட்காருவார்களோ அத்தனை கனத்தை இன்றே ஏற்றிப் பார்க்க வேண்டும்.

"அண்ணி, நீங்களும் பெரிய அண்ணியும் அக்காவும் கொஞ்சம் பின் சீட்டுல ஏறி உக்காருங்க." அவர் அக்கா என்றது என் அத்தையை.

பெரியம்மா இடுப்பில் கை வைத்தாள். "ஏன்டா, நாங்க என்ன நெல்லு மூட்டையா?"

"மூட்டைன்னா நானே தூக்கி வச்சுடுவேன். நீங்களா ஏறுனாத்தான் உண்டு."

திட்டிக்கொண்டே ஏறினார்கள். வண்டி பெருமூச்சு விட்டு அமர்ந்தது. "ரெண்டு வெரல் எடம் இருக்கு" என்றார் அடியிலிருந்து. "அசையாதீங்க. கொஞ்சம் குதிச்சு உக்காருங்க பாப்போம்." மூன்று பேரும் குதித்தார்கள். பெரியம்மா சிரித்து, அத்தைக்கு அது ஒட்டி, கடைசியில் அம்மாவும் சிரித்துவிட்டாள். பெரம்பலூரிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "டங்குனு ஒண்ணும் கேக்கல. வெல்டுக்குத் தயார்" என்று சித்தப்பா எழுந்து வந்தார்.

சோறு தின்றுவிட்டு அரியலூர் ரோட்டிலிருக்கும் வெல்டிங் பட்டறைக்குக் கிளம்பினோம். பழைய சைலன்சரையும் அதன் வால்குழாயோடு டிக்கியில் ஏற்றினார், அதிலிருக்கும் கொக்கியை வெட்டிப் புதியதற்கு வைக்கலாமாம். அது டிக்கிக்கு வெளியே நீண்டுகொண்டிருந்ததால் முனையில் அம்மாவின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கட்டினார். நான் கூட வரவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என்னைத் தூக்கி முன் சீட்டில் போட்டுவிட்டார்.

வண்டி பூனை மாதிரி போனது. சித்தப்பா வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் வேகத்தைக் குறைத்து, "கேக்குதா?" என்று கேட்டார். கேட்கவில்லை என்றார்கள். அவருக்கு வாயெல்லாம் பல். பாதி வழியில் எஞ்சின் பக்கமிருந்து மெல்லியதாகப் புகை வந்தது. சாக்கு கருகுகிற வாசனை.

"சித்தப்பா, பொகையுது."

"புது சாமான்டா. பெயிண்ட் காயும். கம்முனு வா."

நான் கம்மென்று வந்தேன். எனக்குப் பின்னால் பத்து வருடச் சத்தம் படுத்திருந்தது, முன்னால் புகைந்தது. தப்பிக்க இருந்த ஒரே வழி வேண்டுதல்தான். திருமழபாடி சிவனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன்.

பட்டறைக்காரர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பல வருடம் வெல்டராக இருந்துவிட்டு வந்தவர், எதைச் சொன்னாலும் அங்கிருந்துதான் தொடங்குவார். எல்லோருக்கும் அவர் பாய்.

"வாங்க மச்சான்! என்ன, வண்டி இன்னிக்கு ஊமையா வருது?"

"புதுசு மாட்டிட்டேன் பாய். நானே."

"நீங்களேவா? அப்ப எனக்கு என்ன வேலை, டீ குடிக்கவா?"

"நடுவுலயும் பின்னாடியும் வெல்டு வைங்க. முன்னாடி ஜாயிண்ட்டத் தொட வேணாம். அது நம்ம கைவேலை. உசுரே போனாலும் ஒழுகாது."

"துபாய்ல கப்பலுக்கே வெல்டு வச்சவன் நான். நீங்க சொல்றீங்க, கேட்டுக்குறேன்" என்று பாய் லுங்கியை மடித்துக் கட்டினார். பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னார். பிறகு தண்ணீரில் நனைத்த சாக்குகளைக் கொண்டுவந்து பெட்ரோல் டேங்க் பக்கம் போர்த்தினார். சுரங்கத்தில் வெடிக்குழியின்மேல் சாக்கு மூட்டை போட்டு மூடுவார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். பாய் அடுத்து என் பக்கம் திரும்பினார்.

"சின்னவரே, தள்ளிப் போங்க. அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. இதப் பாக்கக் கூடாது."

தள்ளிப் போ, பார்க்காதே. வேறென்ன சொல்ல வேண்டும்? "மொதல்ல பழசுலேருந்து கொக்கிய வெட்டிடுவோம். அந்தத் துணிய அவுத்துடுங்க தம்பி, தீப்பிடிச்சுக்கும்" என்றார். சிவப்புத் துணியை அவிழ்த்தேன். பாய் முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி வைத்த பலகையைப் பிடித்தார். பழைய சைலன்சரின் வயிற்றில் கம்பியை வைத்தார். நீலமாக ஒரு மின்னல், 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

உள்ளே இருப்பது வெளியே வரத் தொடங்கிவிட்டது!

நான் ஊரைக் காப்பாற்ற ஓடினேன் என்று பிற்காலத்தில் என் கல்யாணத்தில் சித்தப்பா மைக் பிடித்துச் சொன்னார். அது பொய். நான் என்னைக் காப்பாற்ற ஓடினேன். சித்தப்பாவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஓடுகிறவன் கையில் துணி இருந்தது, துணி சிவப்பாக இருந்தது, அவ்வளவுதான். ரோட்டுக்கு வந்து, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்டி அலறினேன். சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி ஒன்று க்றீச்சென்று நின்றது.

"தம்பி, சங்கு ஊதிட்டானா?" என்று டிரைவர் தலையை நீட்டினார்.

"வெடிக்கப்போவுது! வெடிக்கப்போவுது!"

வேறு ஊராக இருந்தால் அந்த டிரைவர் இறங்கி வந்து என் முதுகில் ஒன்று வைத்திருப்பார். இவர் எங்கள் பக்கத்து டிரைவர். சிவப்புத் துணியைப் பார்த்தார், எஞ்சினை அணைத்தார், காதில் விரலை விட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்த லாரியும் அணைந்தது. அதற்குப் பின்னால் இருந்ததும் அணைந்தது. எதிர்ப்பக்கம் டவுன் பஸ் வந்து நின்றது. "இங்க எங்கடா குவாரி?" என்று ஒருத்தர் கேட்டார். "புதுசா தோண்டுறாங்க போலருக்கு" என்று கண்டக்டர் சொல்லிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளர்களையெல்லாம் அடுக்கிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். அதற்குமேல் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நான் மைல்கல்லுக்குப் பின்னால் குந்தி, கண்ணை மூடி, காதை மூடி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். வாய் திறந்திருந்தால் காது கிழியாது என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

லாரிச் சத்தம் ஓயாத அந்த ரோட்டில் பட்டப்பகலில் ஒரு மைனா கத்துவது கேட்டது. விரலுக்கு நடுவில் எனக்கே கேட்டது.

பட்டறைக்குள் நடந்ததைச் சித்தப்பா பிறகு சொல்லித்தான் தெரியும். வெளியே இத்தனை பேர் காதைப் பொத்திக்கொண்டு நிற்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. பாய் கொக்கியை வெட்டி, புதியதில் வைத்து, நடுவிலும் பின்னாலும் வெல்டு வைத்து முடித்துவிட்டார். பேட்டரி வயரை மாட்டி, எஞ்சினைப் போட்டுப் பார்த்தார்கள். பாய் கையைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்க மச்சான், சத்தமே இல்ல" என்றார். சித்தப்பா வண்டியை எடுக்கவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"பாய், ஒழுகுது."

"தண்ணியா?"

"இல்ல. காத்து. கெணத்துல ஃபுட்வால்வு காத்து இழுத்தா 'புஸ்ஸு புஸ்ஸு'ன்னு ஒண்ணு கேக்கும். அது கேக்குது."

பாயும் காதைக் கொடுத்தார். மிக மெல்லியதாக, எஞ்சின் பக்கமிருந்து, ஊசி குத்திய சைக்கிள் டியூப் மாதிரி. லாரிகள் ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்தில் காது வைத்தாலும் கேட்டிருக்காது. வண்டியை அணைத்து, பாய் அடியில் போய் முதல் இணைப்பின் கிளாம்ப்பைத் தளர்த்தினார். கறுப்பாகக் கொஞ்சம் சாம்பல் கொட்டியது.

"என்ன மச்சான் இது?"

சித்தப்பா சாம்பலை விரலால் தொட்டுப் பார்த்தார். "சணலு."

"சணலா? இதென்ன தண்ணிக் குழாயா? நெருப்பு போற எடத்துல சணலச் சுத்துவாங்களா? வரும்போதே எரிஞ்சு சாம்பலாப் போயிருக்கு, உள்ள சுத்திலும் நூலளவு சந்து!"

"வெள்ளப் பெயிண்ட் வேற தடவுனேன் பாய்."

"பொட்டு வைக்கலயா?"

பாய் சிரித்தார், சித்தப்பாவும் சிரிக்கப் பார்த்தார். அப்போதுதான் பாய் கேட்டிருக்கிறார், நாளைக்கு வண்டியில் யார் போகிறார்கள் என்று. சித்தப்பா சொன்னார். பாயின் சிரிப்பு நின்றுவிட்டது. குழாயைச் சுத்தமாகத் தேய்த்து, சந்தைச் சுற்றிலும் வெல்டு வைத்து, ஆறவிட்டு, மறுபடியும் எஞ்சினைப் போட்டுக் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

இதற்குள் வெளியே பொறுமை தீர்ந்துவிட்டது. முதல் லாரியின் டிரைவர் என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். பின்னால் கண்டக்டர், டீக்கடைக்காரர், பஸ்ஸில் இருந்த பாதிப் பேர்.

"யாருங்க இந்தப் புள்ளைக்குச் சொந்தம்? கொடி காட்டி ரோட்டையே நிறுத்திப்புட்டான். வெடியும் காணோம், ஒண்ணும் காணோம்!"

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முழுங்கிய சத்தம், பத்து வருடம், கனம், சாக்கு, எல்லாம். கூட்டம் சிரித்த சிரிப்புக்கு இரண்டாவது சங்கே ஊதியிருக்கலாம். பாய் பழைய சைலன்சரை நிமிர்த்தி, வெட்டிய ஓட்டை வழியாகத் தரையில் கொட்டினார். ஒரு கூடை துருவும், கரியும், வண்டல் மண்ணும் விழுந்தன. "பாருங்க சின்னவரே, ஒங்க பத்து வருசச் சத்தம்" என்றார். குனிந்து உள்ளே பார்த்தேன். இருட்டாக, அமைதியாக இருந்தது.

சித்தப்பா என் பக்கம் வந்தார். முதுகை வளைத்துத் தயாராக நின்றேன். அவர் அடிக்கவில்லை. "நீதான் லாரிய நிறுத்துனியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். டீக்கடைக்குக் கூட்டிப்போய், வேண்டும் மட்டும் தின்னு என்று பன்னும் பாலும் வாங்கிக்கொடுத்தார். இது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் பன்னுக்குள் சர்க்கரை இருந்தது.

பாய் டீயை ஆற்றிக்கொண்டே சித்தப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. "சத்தம் வந்தா மனுசன் முழிச்சுக்குவான் மச்சான். இந்தப் பொகை உள்ள ஏறுனா தூக்கம்தான் வரும். துபாய்ல வண்டிக் கண்ணாடிய ஏத்திட்டுத் தூங்குன ரெண்டு பேரப் பாத்திருக்கேன். காலையில எழுப்புனா எந்திரிக்கல. மவுத்தானது அவங்களுக்கே தெரியாது." மவுத் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. பன் வாயில் இருந்தது.

மறுநாள் சம்பந்தியம்மா எருமையை ஓட்டிவிட்டுத் தெருவாசலில் நின்றார்கள். அம்பாசிடர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதை அவர்கள் கவனிக்கவில்லை. சித்தப்பா இறங்கி, "வணக்கங்க" என்றதும் தூக்கிவாரிப் போட்டது. "எப்பங்க வந்தீங்க?" என்றார்கள். அந்த ஒரு கேள்விக்காக சித்தப்பா இன்னும் நாலு சைலன்சர் மாட்டியிருப்பார்.

வளைகாப்பு முடிந்து, கலவைச் சாதம் தின்று, ராகுகாலத்துக்கு முன்னால் அக்காவை ஏற்றிவிட்டார்கள். பின் சீட்டில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் அவள், முன்னால் சித்தப்பாவும் நானும். கைநிறைய வளையல். பெரம்பலூர் தாண்டியதும் லாரிப் புழுதி உள்ளே வந்தது. அம்மா இரண்டு பக்கமும் கண்ணாடியை ஏற்றச் சொன்னாள்.

"வேணாம் அண்ணி, காத்து வரட்டும்" என்றார் சித்தப்பா.

"புள்ளத்தாச்சிப் பொண்ணு மேல இந்தப் புழுதி அடிக்கணுமா? ஏத்துடா."

ஏற்றினோம். அக்கா கொஞ்சநேரம் பேசிக்கொண்டு வந்தாள். பிறகு அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

சித்தப்பா அதன்பிறகு ரோட்டை எவ்வளவு பார்த்தாரோ அவ்வளவு, தலைக்கு மேலே பின் சீட்டைக் காட்டும் சின்னக் கண்ணாடியையும் பார்த்தார். "அண்ணி, பாப்பாவ எழுப்புங்க, தண்ணி குடிக்கட்டும்" என்றார். "இப்பத்தான் கண்ணசந்தா" என்றாள் அம்மா. இன்னும் கொஞ்சதூரம் போய், "நல்லாத் தூங்குறாளா?" என்றார். "ரா முழுக்கத் தூங்கலயாம், விடு தம்பி." வழியில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, இறங்கி, பானட்டைத் தூக்கிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்தார். வந்தவர் நாலு கதவையும் திறந்துவிட்டுச் சும்மா நின்றார். "என்னடா ஒனக்கு?" என்றாள் பெரியம்மா. "ஒண்ணுமில்ல அண்ணி" என்றார். அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. சத்தமில்லாமல் ஓடும் வண்டியை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இப்படி முகத்தைத் தொங்கப்போடுவானேன் என்று நான் நினைத்துக்கொண்டேன். பெருமையில் தலை சுற்றுகிறது போல என்று முடிவு செய்தேன்.

பொழுது சாய்வதற்குள் ஊர் வந்துவிட்டது. வாசலில் அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றாள். சித்தப்பா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்காமல் திரும்பி உட்கார்ந்தார். அம்மா அக்காவின் தோளைத் தொட்டு, "எந்திரிம்மா, வூடு வந்துடுச்சு" என்றாள்.

அக்கா கண்ணைத் திறந்தாள்.